மாதிரி ரயில் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென நிற்கிறது, சில சமயம் ஷார்ட் காட்டுகிறது. தண்டவாளம், சக்கரம் எல்லாம் சுத்தம் செய்தாயிற்று. கோளாறை எங்கே தேடுவது?

சுத்தம் செய்தும் போகவில்லை என்றால் துணியையும் ஆல்கஹாலையும் ஓரமாக வைத்துவிடுங்கள். இன்னொரு தடவை துடைப்பதால் எதுவும் தெரியப் போவதில்லை. ஒரு தாளை எடுத்து, ரயில் நிற்கும் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இடம், எந்த எஞ்சின், எந்தப் பக்கம் போகும்போது, என்ன நேரம். மல்டிமீட்டரைத் தொடுவதற்கு முன்பே பாதி விடை அந்தத் தாளில் இருக்கும்.

நீங்கள் எழுதியதில் இரண்டு வேறு நோய்கள் கலந்திருக்கின்றன. கன்ட்ரோலர் சும்மா இருக்க எஞ்சின் மட்டும் நின்றால், மின்சாரம் போய்ச் சேரவில்லை. கன்ட்ரோலரே ட்ரிப் ஆனால், மின்சாரம் குறுக்கு வழியில் போகிறது. இரண்டையும் ஒரே கோளாறாக நினைத்துத் தேடினால் கடைசி வரை சுற்றிக்கொண்டே இருப்போம்.

நேரத்தைக் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். பக்கத்து வீட்டு அங்கிள் தகரக் கூரை போட்ட கராஜில் பெரிய எச்ஓ (1:87 அளவு) லேஅவுட், அதாவது மாதிரி ரயில் பாதை, வைத்திருக்கிறார். "ராத்திரி நல்லா ஓடுது தம்பி, வெயில் ஏறினா செத்துப் போகுது" என்றார். கன்ட்ரோலர் சூடாகிறது என்பது அவர் முடிவு. வேறொன்றை இரவல் வாங்கி மாட்டியும் அதே கதை. அதுவும் யார்டில் ஒரு பாயின்டை (ரயிலைத் தடம் மாற்றும் கிளைப் பாதை) இடது பக்கம் திருப்பினால் மட்டும்தான் ஷார்ட்.

மதியம் இரண்டு மணிக்குப் போய் எஞ்சின்கள், விளக்கு வைத்த பெட்டிகள் எல்லாவற்றையும் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டோம். இதைச் செய்யாமல் மீட்டர் வைத்தால் மோட்டார் வழியாகவும் பல்பு வழியாகவும் போகும் மின்சாரத்தைக் காட்டி அது நம்மை ஏமாற்றும். அடுத்து தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடர் ஒயர்களில் பாதியைக் கழற்றினோம். ஷார்ட் இருப்பதைச் சொல்லும் மீட்டரின் பீப் ஒலி நிற்கவில்லை, ஆக மிச்சப் பாதியில்தான் கோளாறு. அதிலும் பாதியைக் கழற்றினோம். இப்படியே போய் அந்தப் பாயின்டுக்கு அப்பால் ரம்பத்தால் அறுத்துவிட்ட இடைவெளியில் வந்து நின்றோம்.

அவருடைய பாயின்டில் ஃபிராக் (இரண்டு தடங்களின் தண்டவாளங்கள் குறுக்கிடும் V வடிவ இடம்) முழுக்க உலோகம். பாயின்ட் திரும்பும்போது ஃபிராக்கின் துருவமும் மாறும், அதனால்தான் அதற்கு அப்பால் ஒரு வெட்டு தேவை. மெல்லிய ரம்பம் விடும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டர் நீளத்துக்கு, 10 டிகிரி ஏறினால் சுமார் 0.17 மி.மீ. நீளும். இரண்டு மீட்டர், 15 டிகிரி என்றால் அரை மில்லிமீட்டர் நீண்டு அந்த இடைவெளி மூடிவிடும். தகரக் கூரைக்குக் கீழே பிப்ரவரி மாதம் 15 டிகிரி ஏறுவது ஒன்றும் பெரிதில்லை. மறுநாள் காலை ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பார்த்தார், சுலபமாக உள்ளே போனது. மதியம் போகவில்லை. இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்கி, ஒரு பிளாஸ்டிக் சில்லைச் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டி, தண்டவாளத்தின் வடிவத்துக்கு அரத்தால் ராவிவிட்டோம். வெட்டை வெறுமனே விட்டு வைப்பது எங்கள் ஊர் வெயிலுக்குச் சரிப்படாது.

கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தண்டவாளத்தின் நடுவே ஜல்லிக்குப் பதிலாகக் கடற்கரை மணலைப் போட்டிருக்கிறீர்களா? டர்பன் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணக் கரையில் கறுப்பு மணல் உண்டு. ரிச்சர்ட்ஸ் பே பக்கம் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் ஆகிய கனிமங்களைத் தோண்டி எடுப்பது இதிலிருந்துதான். நம் மணவாளக்குறிச்சியிலும் இதே வகை மணல்தான். இதில் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் இருக்கும். மோட்டாரின் காந்தம் அவற்றை ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும். எஞ்சின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் திணறும், சுத்தம் செய்தாலும் மறுபடி வரும். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மணல் மேல் ஓட்டிப் பாருங்கள். கறுப்பு முள் முள்ளாக ஒட்டினால் அந்த மணல் வேண்டவே வேண்டாம். அதோடு கடல் மணலில் உப்பு இருக்கும், ஈரம் வாங்கும். ஜல்லி ஒட்டிய பசையும் நன்றாகக் காயும்வரை மின்சாரத்தைக் கசியவிடும். நேற்று ஒட்டிய இடத்தில் இன்று விநோதம் நடந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.

ஒரே எஞ்சின் ஒரே பாயின்டில் மட்டும் ட்ரிப் செய்தால் சக்கரத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்க எஞ்சின்கள் ரெடிமேடாகக் கிடைப்பது குறைவு என்பதால் இங்கே பலர் அமெரிக்க, ஐரோப்பிய சேஸியின் மேல் உள்ளூர் உடலை ஏற்றி வைக்கிறார்கள். சக்கரங்கள் ஆளுக்கொரு அளவு. எச்ஓவில் ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உள்முதுகுகளுக்கு நடுவே ஏறத்தாழ 14.5 மி.மீ. இருக்க வேண்டும். அது குறைந்தால் சக்கரத்தின் முதுகு திறந்திருக்கும் பாயின்ட் நாக்கை (பாயின்டில் நகரும் கூர்மையான தண்டவாளம்) உரசும், உடனே ஷார்ட். பிளாஸ்டிக் ஃபிராக் என்றால், அதன் நுனியில் எதிர் துருவத் தண்டவாளங்கள் இரண்டும் நெருங்கும் இடத்தில் அகலமான சக்கரம் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடும். அங்கே கொஞ்சம் நகப்பாலிஷ் தடவி ஓட்டுங்கள். ட்ரிப் ஆகவில்லை என்றால் இடம் அதுதான். பாலிஷ் தேய்ந்து போகும், அது சோதனைக்கு மட்டும்தான், வைத்தியம் இல்லை.

டிசிசி (தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வொரு எஞ்சினையும் தனியாக ஓட்டும் முறை) வைத்திருந்தால் இந்தச் சோதனையை இன்றே செய்யுங்கள். லேஅவுட்டின் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தை வையுங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பூஸ்டர் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அந்த மூலைக்குப் போகும் வழியில் எதிர்ப்பு அதிகம். நாணயத்தை எடுத்துவிடுங்கள், அப்படியே விட்டால் சூடாகும். கணக்கு எளிது: 15 வோல்ட், 5 ஆம்ப்பில் ட்ரிப் ஆகும் பூஸ்டர் என்றால், வழியில் 3 ஓமுக்கு மேல் இருந்தால் 5 ஆம்ப் ஓடவே ஓடாது. உண்மையிலேயே ஷார்ட் ஆகும் நாளில் எஞ்சினின் பிளாஸ்டிக் உருகும். தண்டவாளங்களை இணைக்கும் தகடுகளை நம்பாதீர்கள். நாளாக ஆக அவை தளர்ந்து கறுத்துப் போகும். முடிந்தவரை ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஒயர் சால்டர் செய்வதுதான் நிம்மதி.

வோல்டேஜ் எல்லாம் சரியாகக் காட்டுகிறது, ஆனால் எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்பதில்லையா? பழைய டிசி செட்டில் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்புத் துண்டை அப்படியே விட்டிருக்கிறீர்களா பாருங்கள். ரேடியோ இரைச்சலைத் தடுக்க அதற்குள் சின்னதாக ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது டிசிசி சிக்னலைக் கெடுக்கும். கழற்றி எறியுங்கள். சாதாரண மீட்டர் இதைக் காட்டாது. டிசிசி வோல்டேஜையும் அது துல்லியமாகச் சொல்லாது, ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். மின்வெட்டு நேரத்தில் மலிவு இன்வெர்ட்டரில் ஓட்டும்போது பழைய டிரான்ஸ்ஃபார்மர் கன்ட்ரோலர் ரீங்காரமிட்டுச் சூடானால், லேஅவுட்டைப் பிரிக்காமல் முதலில் மெயின்ஸில் ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக, போன வழியிலேயே ரயில் திரும்பி வரும் வளையம் எங்காவது இருக்கிறதா? அங்கே இடது தண்டவாளம் போய் வலதுடன் சேரும். வளையத்தின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டியிருக்க வேண்டும். வெட்டிய பகுதி உங்கள் நீளமான ரயிலை விடப் பெரிதாக இருக்க வேண்டும். ரயில் சின்னதாக இருந்தவரை ஒழுங்காக ஓடி, இரண்டு பெட்டி கூட்டியதும் ட்ரிப் ஆக ஆரம்பித்தது என்றால், பெட்டிகளின் உலோகச் சக்கரங்கள் இரண்டு முனையிலும் வெட்டின் மேல் ஒரே சமயத்தில் ஏறுகின்றன. பெட்டியைக் குறையுங்கள், அல்லது ஒரு முனையின் வெட்டுகளை இன்னும் தூரமாக அமையுங்கள்.