பாஸ்க் மொழியில் எது ‘தன்’, எது ‘அவளுடைய’?

கேள்வி: மேற்படிப்புக்காக, ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மொழி பேசும் பகுதியிலுள்ள பில்பாவோ நகரத்துக்கு வந்திருக்கிறேன். பாஸ்க் வகுப்பில் ‘அவளுடைய’ என்பதற்குச் சில இடத்தில் ‘பெரெ’, சில இடத்தில் ‘ஹரென்’ என்று வருகிறது. எழுத்துத் தேர்வு நெருங்குகிறது. எதை எழுதுவது?

பதில்: தமிழ் தெரிந்தவருக்கு இது சுலபம். பெரெ என்பது நம்முடைய ‘தன்’. ஹரென் என்பது ‘அவனுடைய’, ‘அவளுடைய’ இரண்டும். இந்தச் சொற்களில் ஆண் பெண் பேதம் கிடையாது. ‘மிரெனெக் பெரெ எச்செயா சல்து து’ என்றால் மிரென் தன் வீட்டை விற்றிருக்கிறாள். பெரெயை எடுத்துவிட்டு ஹரென் போட்டால், விற்றது வேறு யாருடைய வீட்டையோ. தெருவில் பலர் இரண்டுக்குமே பெரெ என்பார்கள். தேர்வில் அப்படி எழுதாதீர்கள்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஸ்பானிஷிலிருந்து. அங்கே ‘சு’ என்ற ஒரே சொல் அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, உங்களுடைய எல்லாவற்றுக்கும் வரும். அதனால்தான் காசு வாங்கிக்கொண்டு கடிதம் எழுதித் தரும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஸ்பானிஷில் எழுதி, அதை மெஷினில் போட்டு பாஸ்க் ஆக்கிக் கொடுக்கிறார்கள். என் மாணவி ஒருத்தி, குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருக்கு எழுதிய கடிதத்தில் ‘சுரெ கில்ட்சா’, அதாவது ‘உங்கள் சாவி’, என்று இருக்க வேண்டியது ‘பெரெ கில்ட்சா’ ஆகிவிட்டது. யார் சாவி என்று அவர் போன் செய்து கேட்டார். பாஸ்க் படிக்க வருகிறவரை ஸ்பானிஷ் படித்துவிட்டு வா என்கிற பாடப்புத்தகங்களும் இதே தவறுக்குத்தான் வழி காட்டுகின்றன. எத்தனை வருஷம் இதையே சொல்வது!

ஒரு விதிவிலக்கு மட்டும் கவனியுங்கள். ‘என்’ என்பதற்கு ‘நிரெ’ என்று படித்திருப்பீர்கள். ஆனால் அம்மா, வீடு என்று வந்தால் அவர்கள் ‘குரெ அமா’, ‘குரெ எச்செயா’ என்பார்கள். குரெ என்றால் எங்கள். கூடப் பிறந்தவர் இல்லாதவரும் அப்படித்தான் சொல்வார். கணவரைக்கூட ‘குரெ செனர்ரா’ என்று சொல்வதுண்டு. நாம் ‘எங்க அம்மா’, ‘எங்க வீட்டுக்காரர்’ என்பதில்லையா, அதே பழக்கம். ஸ்பானிஷ் வழியாக வந்தவர் இதைக் கேட்டுத் திகைப்பார். நீங்கள் திகைக்க வேண்டாம். ‘நம்’, ‘எங்கள்’ வித்தியாசம் மட்டும் அங்கே இல்லை, இரண்டுக்கும் குரெதான்.

அப்புறம், ‘நிரெ எச்செ’ என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ‘என் வீடு’ என்று சொல்ல, கடைசியில் அந்த ‘ஆ’ வேண்டும்: நிரெ எச்செயா.

தேர்வில் சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘தன்’ வந்தால் பெரெ, அதன் பன்மையாக ‘தங்கள்’ வந்தால் பெரென்.