ஏணியிலிருந்து பொடியன் விழுந்தால் யார் பொறுப்பு? கடை முதலாளிமாரின் கேள்விகள்

காத்தான்குடி, புடவைக் கடை: ஆறு பேர் வேலை செய்கிறார்கள். காப்புறுதி எடுக்கவில்லை. யாராவது விழுந்தால் என் தலையில்தான் வருமா?

வரும். வேலை நேரத்தில், வேலை காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளியே நட்டஈடு கட்டவேண்டும் என்று இலங்கையில் 1934 இலேயே தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. காப்புறுதி இருந்தால் அந்தக் காசைக் கம்பனி கட்டும். இல்லாவிட்டால் உங்கள் கல்லாவிலிருந்து போகும். 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாய். பெருநாள் வியாபாரத்தில் சேர்த்தது அத்தனையும் ஒரே விபத்தில் போய்விடும். மேல்தட்டுச் சாறி எடுக்க, பொடியன் ஒரு கால் ஏணியிலும் மறுகால் றாக்கையிலுமாக நிற்பதை எத்தனையோ கடைகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதே நெஞ்சு பதறும். இன்றைக்கே அந்த ஏணியின் காலுக்கு றப்பர் போடுங்கள். அப்புறம் காப்புறுதிக்குப் போங்கள்.

களுவாஞ்சிக்குடி, பலசரக்குக் கடை: சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் ஒழுங்காகக் கட்டுகிறேன். போதாதா?

போதாது. அது வேலையாளின் சேமிப்பு, இது விபத்துக்கான நட்டஈடு. அது வேறு, இது வேறு.

கல்முனை, ஹாட்வெயார்: சீமெந்து இறக்க வரும் நாட்டாமைமார் அன்றாடக் கூலிக்காரர். அவர்கள் என் ஆட்கள் இல்லைதானே?

நீங்கள் கூப்பிட்டு, நீங்கள் கூலி கொடுத்தால் உங்கள் ஆட்கள்தான். ஒருநாள் வேலை என்றாலும், அது உங்கள் வியாபாரத்துக்கான வேலை என்றால் சட்டம் விலக்குத் தராது. 50 கிலோ மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு லொறிப் பலகையில் இறங்கும் மனிதரை விட்டுவிட்டு, விசிறிக்குக் கீழே பில் எழுதுபவருக்கு மட்டும் காப்புறுதி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்குக் கொடுக்கும் கூலியையும் காப்புறுதிக் கம்பனிக்குக் கொடுக்கும் ஆண்டுச் சம்பளக் கணக்கில் சேர்த்துக் காட்டுங்கள்.

செங்கலடி: சம்பளம் 60,000. காப்புறுதிக் கம்பனிக்குப் பாதியாகக் காட்டினால், கம்பனிக்குக் கட்டும் கட்டுப்பணம் குறையுமாம். செய்யலாமா?

செய்யாதீர்கள். கட்டுப்பணம் சம்பளத்தை வைத்துத்தான் போடப்படுகிறது, நட்டஈடும் அப்படித்தான். கை போனவருக்கு 60,000 கணக்கில் தீர்ப்பு வந்து, கம்பனி 30,000 கணக்கில் நின்றால், மிச்சத்தை யார் கட்டுவது?

அக்கரைப்பற்று: காயப்பட்டவருக்குக் கொஞ்சம் காசு கொடுத்து, “இனி ஒன்றும் கேட்கமாட்டேன்” என்று கையெழுத்து வாங்கிவிட்டேன். பிரச்சினை முடிந்ததா?

முடியவில்லை. சட்டம் தந்த உரிமையை விட்டுக்கொடுக்க வைக்கும் கடதாசி செல்லாது. அவர் கவனமில்லாமல் விழுந்தார் என்பதும் காரணமாகாது. ஆள் இறந்துபோனால் நட்டஈட்டை வீட்டாரின் கையில் கொடுக்கக்கூடாது. தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும், அவர்தான் பிரித்துக் கொடுப்பார். உங்கள் ஆள் உயிரோடு இருக்கிறார். வைத்தியத் துண்டுகளோடு அவரையும் கூட்டிக்கொண்டு அந்த ஆணையாளரின் அலுவலகத்துக்குப் போய், சேரவேண்டியதைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.