குளத்துக்கு முன் வாய்க்கால்

அன்புள்ள ஐயா,

நான் வலிகாமம் கிழக்கில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். வயது 23. எங்கள் விளையாட்டுக் கழகத்தைச் சேர்ந்த 20 பேர் கடந்த ஆண்டு ஆனி (ஜூன்) 5ஆம் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தன்று, ஊர்க்குளத்தில் சிரமதானம் செய்தோம். இரண்டு உழவு இயந்திரப் பெட்டி நிறையக் குப்பை அள்ளினோம். கரையில் 60 மரக்கன்றுகள் நட்டோம். ஆவணி முடிவதற்குள் 9 கன்றுகளே மிஞ்சின. மாரியில் பக்கத்து ஒழுங்கையில் இடுப்பளவு வெள்ளம் நின்றும் குளத்தில் முழங்காலளவு தண்ணீரே சேர்ந்தது. தைப்பொங்கலுக்குள் குப்பையும் பழையபடி நிறைந்துவிட்டது. "படம் எடுக்கத்தானே செய்தனீங்கள்" என்று ஊரில் ஒருவர் கேட்டார். கழிவு எண்ணெய் ஒரு பிரதேசத்தின் கிணறுகளையே கெடுத்துவிடும் நிலையில், நாங்கள் கடகத்தில் குப்பை அள்ளுவதால் என்ன ஆகப்போகிறது என்று கழகத்திலும் சிலர் கேட்கிறார்கள். இவ்வாண்டும் செய்வதா, விடுவதா?

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்களைத் தேற்றுவதற்காக எதையும் எழுதப்போவதில்லை. 60 கன்றுகளில் 51 பட்டுப்போனது இழப்புத்தான். ஆனால், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. ஒழுங்கையில் இடுப்பளவு வெள்ளம், குளத்தில் முழங்காலளவு தண்ணீர். உங்கள் குளத்துக்கு உரிய தண்ணீர்தான் அந்த ஒழுங்கையில் வழி தெரியாமல் நின்றிருக்கிறது. இவ்வாண்டு நீங்கள் செய்யவேண்டிய வேலை குளத்துக்குள் இல்லை. குளத்துக்கு வரும் வழியில் இருக்கிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நமது நிலத்தின் அமைப்பு. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த நீர் மண்ணின் ஊடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி, கடலிலிருந்து ஊடுருவி நிற்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வகுக்கப்பட்ட கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டரால் இறைத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறுவதற்கு இடம் கொடுத்தவர்களாகிறோம். உங்கள் பக்கத்திலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த ஏற்பாட்டை நம் கண்முன்னே காட்டுகிறது.

ஆகவே இறைத்ததை மாரியில் திருப்பி ஊட்டியாகவேண்டும். மழைநீரைக் கடலுக்கு ஓடவிடாமல் சில மாதங்கள் மறித்து வைத்துச் சிறிது சிறிதாக நிலத்துக்குள் இறக்கும் வேலையை நமது சிறு குளங்களும் கேணிகளும் செய்துவந்தன. ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் கொடுத்ததும், பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியதும் அதனுடன் சேர்ந்து நடந்தவை.

குளத்துக்கு எல்லாரும் போகிறார்கள். வாய்க்காலுக்கு எவரும் போவதில்லை. குளம் கண்ணுக்குத் தெரிகிறது, அரச காணியாகவோ கோயில் காணியாகவோ அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. வாய்க்காலோ பல வளவுகளின் ஓரமாக, ஒழுங்கைகளின் குறுக்காக, மதகுகளின் அடியால் வருகிறது. முன்பு வளவுகளுக்குக் கிளுவையும் பூவரசும் வேலியாக நின்றன. கதியால்களுக்கு இடையால் மழைவெள்ளம் தன்பாட்டில் போய்வந்தது. இப்போது மதில்கள் நிற்கின்றன. வீதிகள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் உயர்கின்றன. போரினால் ஊரைவிட்டுப் போய் ஆண்டுகள் பல கழித்துத் திரும்பிய இடங்களில், எந்த வளவின் மூலையால் எந்தக் குளத்துக்குத் தண்ணீர் வந்தது என்று அறிந்தவர்கள் பலர் திரும்பிவரவில்லை. அந்த அறிவு போனது மரங்கள் போனதைவிடப் பெரிய இழப்பு என்பது என் எண்ணம்.

எங்கள் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஏழு பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, குளத்தைத் துப்புரவாக்க உதவி கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் அவர்களை மண்வெட்டி எடுக்கவிடாமல், இளமையில் அந்தக் குளத்தடியில் மாடு மேய்த்த ஒரு பெரியவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் ஊன்றுகோலுடன் எங்களுக்கு முன்னால் நடந்து, மாடுகள் உடல் உரசிக்கொள்ளும் ஆவுரஞ்சிக்கல் இருந்த இடத்திலிருந்து பின்னோக்கி மூன்று இடங்களைக் கோலால் தொட்டுக் காட்டினார். ஒன்று, சேற்றில் புதைந்திருந்த ஒரு மதகு. மற்றொன்று, ஒரு மதிலின் அடி. மூன்றாவது, எல்லாரும் குப்பை கொட்டும் ஒரு பள்ளம். அதுதான் வாய்க்கால் என்பதை நாற்பது ஆண்டுகளாக அதே ஒழுங்கையால் போய்வந்த நானும் அறிந்திருக்கவில்லை.

மதகைத் திறக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. உள்ளே இருந்து வந்தவை இன்னும் என் கண்ணில் நிற்கின்றன: ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப்போன லஞ்ச் சீற்றுகள், சோடாப் போத்தல்கள், ஊதிப்போன பம்பஸ், கல்லாய் இறுகிய அரை மூடை சீமெந்து. லஞ்ச் சீற் இந்த நாட்டில் 2017இல் தடைசெய்யப்பட்டது. மதகுக்குள் அது அழியாமல் அப்படியே இருந்தது. ஐப்பசி நடுவில் முதல் பெருமழை பெய்த இரவு பதினொன்றரை மணிக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தொலைபேசியில், "ஐயா, தண்ணி வருது, ஓடி வாங்கோ" என்றாள். நான் போனபோது ஏழு பேரும் நனைந்தபடி கரையில் நின்று கைபேசி வெளிச்சத்தை மதகின் வாயில் பிடித்திருந்தார்கள். செம்மண் கரைந்த தண்ணீர், நுரையும் பழுத்த பூவரசம் இலைகளும் பன்னாடைத் துண்டுகளுமாக, ஒரு முழ அகலத்தில் சத்தத்துடன் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எவரும் படம் எடுக்கவில்லை என்பது அடுத்த நாள்தான் எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

இனி உங்கள் கன்றுகள். ஆனி 5 உலகத்துக்குப் பொருத்தமான நாளாக இருக்கலாம். நமக்கு அது சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசும் காலம். அப்போது நட்ட கன்றுக்கு நான்கு மாதம் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றவேண்டும், அதையும் அதே கிணறுகளில்தான் இறைக்கவேண்டும். வட மாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததன் நியாயம் இதுதான். மழையோடு நடுங்கள். கரைக்கு மருதும் பூவரசும் நல்லவை. பனம்விதையை மழை தொடங்கும்போது ஊன்றிவிட்டால் பிறகு தண்ணீரே கேட்காது. அதற்கு வேண்டியது ஆடுமாடு கடிக்காமலும் நெருப்பு வைக்காமலும் பார்த்துக்கொள்ளும் ஊரின் கவனம் மட்டுமே. அதன் பயனைக் காண 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதைச் சொல்லித்தான் ஊன்றவேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் உற்சாகத்தைக் கண்டு, பெக்கோ என்னும் மண் அள்ளும் இயந்திரம் கொண்டுவந்து குளத்தை ஆழமாக்கித் தருகிறேன் என்று எவராவது முன்வந்தால் அவசரப்படாதீர்கள். குளத்தின் அடியில் உள்ள களிமண் படையை எவ்வளவு தொடலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்பதைக் கமநல சேவை நிலையத்தின் அலுவலரையும் விபரம் அறிந்த பொறியியலாளரையும் கேட்காமல் தீர்மானிக்கக்கூடாது. கடலோர ஊர்களில் ஆழத்தோண்டுவது உவர்நீரை அழைப்பதாகவே முடியும். வண்டலை அள்ளலாம், பாறையை உடைக்கக்கூடாது.

கழிவு எண்ணெயைப் பற்றிய கேள்வி நியாயமானது, அதில் கோபமும் நியாயமானது. சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் மின் நிலையக் கழிவு எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் நாட்டின் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எண்ணிப்பாருங்கள். தம் கிணற்றுநீரின் மணமும் படலமும் மாறியதைக் கவனித்து முறையிட்ட மக்களும், போத்தல்களில் எடுத்துப் பரிசோதிக்கப்பட்ட மாதிரிகளும் இருந்தன. கவனித்தவர்களும் குறித்துவைத்தவர்களும் இல்லாத ஊரில் பெரிய கேட்டைத் தட்டிக்கேட்கச் சான்றே இருக்காது. எனவே உங்கள் 20 பேரில் குப்பை அள்ளுவதில் நம்பிக்கை இழந்தவர்களிடம் வேறொரு வேலையை ஒப்படையுங்கள். ஊரின் நான்கு திசையிலும் பத்துக் கிணறுகளைத் தெரிவுசெய்து, மாதத்தின் முதல் ஞாயிறு காலை, இறைப்பதற்கு முன், கல் கட்டிய கயிற்றை இறக்கி, கிணற்றுக் கட்டின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். மின்கடத்துதிறன் மானி ஒன்று இரவலாகவேனும் கிடைத்தால் உவர்த்தன்மையையும் குறிக்கலாம். கொப்பி சனசமூக நிலையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கட்டும். இரண்டு கோடைகளின் கணக்குச் சேர்ந்தால், பிரதேச சபைக்குப் போகும்போது உங்கள் கையில் வெறும் மனு இருக்காது.

குப்பை திரும்பி வந்ததற்கு ஒரே மருந்து குளத்தடியில் ஆள்நடமாட்டம். நீர் நின்றால் ஆள் வரும்; வற்றிய பள்ளத்தில்தான் பை விழுகிறது.

இப்போது ஆடி நடக்கிறது. மழைக்கு இரண்டரை மாதம் இருக்கிறது. ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய நிலப்படத்தில் உங்கள் குளத்தைச் சுற்றிய கோடுகளைப் பாருங்கள், ஊரின் முதியவர் ஒருவருடன் அந்தக் கோடுகளின் வழியே நடந்துவிடுங்கள். அநேகமாக ஒரு மதிலில் போய் முட்டுவீர்கள். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. வீட்டுக்காரர் மறுத்ததற்குக் காரணம் தண்ணீர் இல்லை. இன்று குழாய்க்கு இடம்விட்டால் நாளை அதை ஒழுங்கை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். காணியில் எவருக்கும் உரிமை ஏற்படாது என்று கிராம அலுவலர் முன்னிலையில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தபின், மதிலின் அடியால் இரண்டு ஆறங்குலக் குழாய்கள் வைக்க அவரே கூலிக்கு ஆள் பிடித்துத் தந்தார். நீங்கள் போகும்போது உங்கள் ஊர் வீட்டுக்காரருக்கு உறவுமுறையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாலையில் போங்கள், நான்கைந்து பேருக்கு மேல் போகவேண்டாம். மார்கழியில் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை எனக்கு எழுதுங்கள்.