சனிக்கிழமை வந்தால் வயிற்றுவலி

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. கால்பந்து அணியில் மூன்று மாதமாக அவனைக் கோல் கீப்பராகவே நிறுத்துகிறார்கள். அவனுக்கு ஓடி ஆடத்தான் ஆசை. ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். மதியம் பிரியாணியை ஒரு பிடி பிடிக்கிறான். நடிக்கிறான் என்கிறார் அவன் அப்பா. ஸ்கேன் எடுக்கலாமா? (ஒரு தாய், காட்பாடி)

பதில்: நடிப்பு இல்லை அம்மா. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோமே, அது வெறும் பேச்சு அல்ல. பயத்தில் குடலின் அசைவு மாறும். சாதாரண அசைவைக்கூட நரம்புகள் வலியாகச் சொல்லும். எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உள்ளங்கையால் தொப்புளைச் சுற்றித் தடவிக் காட்டினால் பெரும்பாலும் இந்த வகைதான். வலது அடிவயிற்றை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாலோ, தூக்கத்திலிருந்து வலி எழுப்பினாலோ, காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைவு இருந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இவை இல்லையென்றால் ஸ்கேனுக்கு அவசரமில்லை. குழந்தை மருத்துவர் ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

பெரியவர்களின் கோல் போஸ்ட் 24 அடி அகலம், 8 அடி உயரம். உங்கள் பையன் ஐந்தடிகூட இருக்க மாட்டான். முன்னால் ஆடுபவன் பத்துப் பந்தைத் தவறவிட்டாலும் யாரும் எண்ணுவதில்லை. இவன் விட்ட ஒரு பந்தை வீடு வரை பேசிக்கொண்டு வருவார்கள். வேலூர் வெயிலில், சரளைக்கல் தரையில், தனியாக நின்று அதைச் சுமக்க வேண்டும். எனக்கே வயிறு வலிக்கும்.

பயிற்சியாளரிடம் நீங்களோ அவன் அப்பாவோ பேசுங்கள். பையன் எதிரில் வேண்டாம். "எடுத்துவிடுங்கள்" என்று கேட்காமல், "பாதி ஆட்டம் கீப்பர், பாதி ஆட்டம் மைதானத்தில் ஓடி ஆடட்டும், மற்றப் பிள்ளைகளும் முறை வைத்து நிற்கட்டும்" என்று கேளுங்கள். இந்த வயதில் ஒரே இடத்தில் கட்டிப்போட வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியே பந்தையும் பாருங்கள். 12 வயது வரை நம்பர் 4 பந்து போதும். பெரியவர்களின் நம்பர் 5 பந்து வேகமாக வந்து கையில் மோதினால் மணிக்கட்டு எலும்பின் வளரும் பகுதியில் முறிவு வரலாம். வீக்கம் இருந்தால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், எக்ஸ்ரே எடுங்கள். கோல் போஸ்ட் தரையில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று நீங்களே அசைத்துப் பாருங்கள். கவிழ்ந்த போஸ்டால் பிள்ளைகள் இறந்ததும் உண்டு. விழுந்து சிராய்த்தால் சோப்பும் தண்ணீரும். 10 வயதில் போட வேண்டிய டிடி (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பு) ஊசி விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை காலை ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி கொடுங்கள். வலிக்கிறது என்றால், "தெரியும், வலிக்கத்தான் செய்யும்" என்று பக்கத்தில் உட்காருங்கள். அசிடிட்டி மாத்திரை வேண்டாம். அவன் அப்பா மைதானத்துக்கு வருவதாக இருந்தால், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று யோசனை சொல்லாமல் இருக்கட்டும்.