விடிந்தாலே பயமாக இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 43. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் டிப்ரஷன் என்று டாக்டர் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை கொடுத்தார். ரெண்டு மாசத்தில் தேறிவிட்டேன். 'ரொம்ப நாள் போட்டா அடிமையாயிடுவ' என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னதால் மூணாம் மாசம் நானே நிறுத்திவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு, எழுதக் கூச்சமாக இருக்கிறது. கல்யாணம் ஆனவர்களுக்குப் புரியும். இப்போது மறுபடி வந்துவிட்டது. விடியற்காலை மூணரைக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. குளிக்கப் போக ஒரு மணி நேரம் ஆகிறது. சாயங்காலம் கொஞ்சம் பரவாயில்லை. தூக்கத்துக்காக ராத்திரி ஒரு கட்டிங் போடுகிறேன். அம்மா ஏழரைச் சனி என்று குச்சனூருக்குக் கூப்பிடுகிறார். வேலையை விடலாம் என்று லெட்டர் எழுதி வைத்திருக்கிறேன். சில நாள் தூங்கினபடியே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. வாழ்நாள் முழுக்க இப்படித்தானா? பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முந்தின வரியில்தான் நான் ஆரம்பிக்க வேண்டும். தூங்கினபடியே போய்விட்டால் நல்லது என்று தோன்றுவதை இன்று ராத்திரியே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். அவர் பயப்படுவார்தான். பயந்தாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எதுவும் வீட்டில் இருந்தால் உடனே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளும் அவர் கையில் இருக்கட்டும். அந்த நினைப்பு வெறும் தோன்றலாக இல்லாமல், எப்படி, எப்போது என்று யோசிக்க ஆரம்பித்தால் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்; பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நேரமானாலும் போய்விடுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணை 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மூணரை மணிக்கு முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடக்கும்போது கூப்பிடுவதற்குத்தான் அது இருக்கிறது. தற்கொலை அளவுக்குப் போனால்தான் பேச வேண்டும் என்றில்லை.

இனி உங்கள் கேள்வி. வாழ்நாள் முழுக்க இப்படியே இருக்காது. போன வருஷம் ரெண்டு மாசத்தில் தேறினீர்கள் என்றால் உங்கள் உடம்பு அந்த மாத்திரைக்குக் கேட்கிறது என்று அர்த்தம், அது நல்ல செய்தி. அதே சமயம், இனி வரவே வராது என்று யாரும் சத்தியம் செய்து தர முடியாது. முதல் தடவை டிப்ரஷன் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. உங்கள் விஷயத்தில் இது புதிதாக வந்ததா, பழசே முழுசாகப் போகாமல் இருந்ததா என்பதே சந்தேகம். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் காய் மேலே உலர்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு மூட்டை கட்டினால் உள்ளே இருக்கிற ஈரம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனசு தேறிய நாளிலிருந்து கணக்கு வைத்து, குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும். மறுபடி வந்தவர்களுக்கு ஒரு வருஷம், ரெண்டு வருஷம் என்று டாக்டர் நீட்டுவதும் உண்டு.

அடிமையாகிவிடுவோம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு வகை மாத்திரைகளை ஜனங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அல்பிரசோலம், குளோனசிபம் போன்றவை தூக்கத்துக்கும் படபடப்புக்கும் சில வாரத்துக்குக் கொடுப்பவை. அவற்றை மாசக்கணக்கில், அதுவும் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போட்டால் பழக்கமாகிவிடும் என்பது உண்மை. நீங்கள் சாப்பிட்ட எஸ்சிட்டலோபிராம் அந்த ரகம் இல்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்ற ஏக்கம் அதில் வராது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் சுரீரென்று இழுப்பது போன்றவை சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள்கூட இருக்கலாம். 'பாத்தியா, இதில்லாம உன்னால முடியல' என்று சொல்ல அது வசதியாகப் போய்விடுகிறது. அதனால்தான் நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறோம்.

நீங்கள் எழுதக் கூச்சப்பட்ட காரணம் எனக்குப் புரிந்தது. இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் கணிசமானவர்களுக்குத் தாம்பத்தியத்தில் ஆசை குறையும், அல்லது எல்லாம் தாமதமாகும். டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, மாத்திரையையே நிறுத்திவிடுகிற ஆண்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். சில டாக்டர்கள் இதைக் கேட்காமலேயே விடுவதும் ஒரு காரணம். அது எங்கள் பக்கத்துக் குறை. அளவைக் குறைத்துப் பார்க்கலாம், இந்தத் தொல்லை குறைவாக உள்ள வேறு மருந்துக்கு மாற்றலாம். வாய் திறந்து சொல்ல முடியாவிட்டால் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். நாங்கள் தினமும் பார்க்கிற சமாச்சாரம் இது, யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: டிப்ரஷனே ஆசையைக் குறைக்கக்கூடியது. எது நோயால், எது மாத்திரையால் என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்குத் தேதிவாரியாகத் தகவல் வேண்டும். கணக்கு எழுதுகிற உங்களுக்கு அது கஷ்டமில்லை.

கட்டிங் விஷயத்தில் தயவு காட்ட முடியாது. சாராயம் தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். டிப்ரஷனும் விடியற்காலைத் தூக்கத்தைத்தான் கெடுக்கும். இரண்டும் ஒரே திசையில் இழுத்தால் மூணரைக்கு முழிப்பு வராமல் என்ன செய்யும்? தினமும் நிறையக் குடிக்கிறவராக இருந்தால் சட்டென்று நிறுத்த வேண்டாம், கை நடுக்கம் முதல் வலிப்பு வரை போகலாம்; அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு கட்டிங்தான் என்றால், மாத்திரை தொடங்குகிற அன்றோடு விட்டுவிடலாம்.

காலையில் மோசம், சாயங்காலம் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது சோம்பேறித்தனமில்லை, இந்த நோயின் ஒரு வடிவமே அப்படித்தான். இதிலிருந்து ஒரு சின்ன விதி வைத்துக்கொள்ளலாம்: காலை பத்து மணிக்கு முன்னால் உங்கள் வாழ்க்கையைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். ராஜினாமா லெட்டரைக் கிழிக்கச் சொல்லவில்லை, மனைவியிடம் கொடுத்து வையுங்கள். தேறி ரெண்டு மாசம் கழித்தும் வேலையை விடத் தோன்றினால் தாராளமாக விடுங்கள். ஏலக்காய்க் கடை வேலை பிடிக்காமல் போக எத்தனையோ நியாயமான காரணங்கள் இருக்கலாம், ஆனால் இப்போது அந்த லெட்டரை எழுதியது நோய்.

'மனசு சரியாகட்டும், அப்புறம் எல்லாம் செய்கிறேன்' என்பது இந்த நோயில் பெரிய பொறி. இங்கே வரிசை தலைகீழ்: முதலில் கை காலை அசைக்க வேண்டும், மனசு பின்னால் மெதுவாக வரும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான டிப்ரஷனோடு வந்தவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறிலிருந்து எட்டுத் தடவை உட்கார்ந்து பேசி, அன்றாட வேலைகளைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்க வைத்தார்கள். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்த ஆய்வில், மூன்று மாதத்தில் நோய் தணிந்தவர்கள் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். 'பாசிட்டிவா இருங்க' என்று வாட்ஸ்அப்பில் சூரியோதயப் படத்தோடு அனுப்புகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். எனக்கு அந்தப் படங்களைக் கண்டாலே ஒவ்வாது.

உங்களுக்கு இது எப்படி? குளிப்பதை ஒரே வேலையாக நினைப்பதால்தான் ஒரு மணி நேரம் போகிறது. காலைத் தரையில் வைப்பது ஒரு வேலை. அவ்வளவு போதும், அதற்கு ஒரு டிக் அடியுங்கள். வாளியில் தண்ணீர் பிடிப்பது அடுத்தது. முகம் கழுவி வேட்டி மாற்றினாலே போதும் என்கிற நாள் வந்தால் அன்றைக்கு அதுதான் கணக்கு. வெளிச்சம் வந்ததும் தெருமுனை டீக்கடை வரை நடந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். பேப்பர் படிக்க வேண்டியதில்லை, யாரிடமும் பேச வேண்டியதில்லை. முதல் வாரம் ஒரு பிரயோஜனமும் தெரியாது. தெரியாதபோதும் போக வேண்டும். சாயங்காலம் பரவாயில்லை என்றீர்களே, கடினமான கணக்குகளை முதலாளியிடம் கேட்டு அந்த நேரத்துக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

குச்சனூருக்கு அம்மாவோடு போய்வாருங்கள். எள் விளக்குப் போடுவதற்கும் மாத்திரைக்கும் சண்டை ஒன்றும் இல்லை. மகனோடு ஒரு நாள் வெளியே போய்வருவதில் அம்மாவுக்கும் நிம்மதி. சனி விலகும் வரை மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் மட்டும் அந்த இடத்தில் காதை மூடிக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு ஒரு வேலை இருக்கிறது. போன தடவை ஆரம்பித்தபோது முதலில் எது மாறியது என்று அவரைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கும். சவரம் செய்யாமல் விட்டீர்களா, மகளோடு பேச்சு குறைந்ததா, சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொல்வதையே நிறுத்தினீர்களா? அப்படி ரெண்டு மூணு அறிகுறியைக் காலண்டருக்குப் பின்னால் எழுதி வைக்கட்டும். தேறின பிறகு அவை திரும்ப வந்து ரெண்டு வாரம் நீடித்தால், உங்களைக் கேட்காமலே டாக்டரிடம் கூட்டிப்போக அவருக்கு இப்போதே அனுமதி கொடுத்துவிடுங்கள்.

பழைய டாக்டரிடமே போகலாம். செலவு இடித்தால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது, மாத்திரையும் அங்கேயே இலவசம். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, வைட்டமின் பி12 பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், இவற்றில் கோளாறு இருந்தாலும் இதே சோர்வு வரும். மாத்திரை மறுபடி தொடங்கினால் முதல் வாரம் வயிற்றுப் புரட்டலும் படபடப்பும் முந்திக்கொண்டு வரும். பலன் தெரிய ரெண்டு முதல் நாலு வாரம் ஆகும். ஒரு சிக்கல், அரசு மருத்துவமனை ஓ.பி. காலையில்தான், அது உங்களுக்கு ஆகாத நேரம். தனியாகக் கிளம்பினால் போடி பஸ் ஸ்டாண்டிலேயே திரும்பிவிடுவீர்கள். முதல் நாள் சாயங்காலமே சட்டையை எடுத்து வைத்து, பழைய சீட்டுகளைப் பையில் போட்டு, மைத்துனரோ நண்பரோ காலை ஏழு மணிக்கு வண்டியோடு வாசலில் வந்து நிற்கும்படி மனைவியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.