வாங்குவதற்கும் ஆராய்ச்சி வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சிங்கப்பூருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஜூரோங்கில் ஓர் ஆலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். 2021 முதல் 2025 வரை ஆய்வுக்கும் புத்தாக்கத்துக்கும் அரசு 2,500 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கியதைச் சென்ற கட்டுரையில் பாராட்டியிருந்தீர்கள். அறுபது லட்சம் பேர் வாழும் தீவுக்கு இவ்வளவு தேவையா? நல்ல பொருள் எங்கே கிடைத்தாலும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாமே? பயோபொலிஸ் உயிர்மருத்துவ ஆய்வு வளாகத்துக்கு அழைத்து வந்த பெரிய விஞ்ஞானிகள் சிலர் திரும்பிப் போனதையும் பார்த்தோம். என் மகள் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்கிறாள். அதனாலும் கேட்கிறேன்.

கு.

அன்புள்ள கு. அவர்களுக்கு,

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் பெறும் ‘புதுநீர்’ (NEWater) பற்றிய பார்வையாளர் மையத்தில் நீர் வடிக்கும் சவ்வுக் குழாய் ஒன்றைக் குறுக்கே அறுத்து வைத்திருந்தார்கள். கோரைப்பாயை இறுகச் சுருட்டி நிறுத்தியது போல இருந்தது. சுற்றுக்குச் சுற்று மெல்லிய சவ்வு, நடுவே வலை. பயன்படுத்திய நீர் அதற்குள் அழுத்தத்தோடு போய்க் குடிநீராக வெளிவருகிறது.

1974இலேயே இங்கே அதற்கொரு சோதனை ஆலை வைத்தார்கள். அன்றைய சவ்வுகளை நம்ப முடியவில்லை, செலவும் கட்டுப்படியாகவில்லை. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி அது மூடப்பட்டது. 1998இல் மீண்டும் கையில் எடுத்தார்கள். 2000இல் பிடோக்கில் மாதிரி ஆலை எழுந்தது. 2003இல் புதுநீர் மக்களுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் சவ்வுகளை மேம்படுத்தி விலையைக் குறைத்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார். நீங்கள் சொல்வது போலச் சிங்கப்பூர் அவற்றை வாங்கத்தான் செய்தது. ஆனால் எந்தச் சவ்வு நமக்கு ஆகும், அதில் வடியும் நீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதை விற்பவரிடம் கேட்டு முடிவு செய்ய முடியுமா? இங்கேயே ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். ஒரு பம்பை வாங்கும்போது விற்பனையாளரின் சொல்லை மட்டும் நம்பி நீங்கள் கையெழுத்துப் போட மாட்டீர்கள் அல்லவா?

பயோபொலிஸ் விஷயத்தில் உங்கள் மனக்குறையில் பாதியை நானும் ஏற்கிறேன். புகழ்பெற்றவர்களை அழைத்து வந்தால் அறிவு தானாக வேர்பிடிக்கும் என்று ஒரு காலத்தில் அளவுக்கு மீறி நம்பினார்கள். நமக்கே உரிய நோய்களில் கவனம் வையுங்கள் என்று நரம்பியல் மருத்துவர் லீ வெய் லிங் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தங்கியவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020இல் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் வாங் லின்ஃபா குழுவினர், கொரோனாவைத் தடுக்கும் எதிர்ப்புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை ஒரு மணி நேரத்தில் காட்டும் சோதனையை உருவாக்கினார்கள். அதுவரை உயிருள்ள வைரஸை வைத்து, உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் நாள்கணக்கில் செய்த வேலை அது. தொற்று வந்த பிறகு ஆள் தேடியிருந்தால் அந்த வேகம் வந்திருக்காது.

அந்த 2,500 கோடியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைச் சென்ற முறை எழுத விட்டுவிட்டேன். ஏறத்தாழ 375 கோடி வெள்ளியை இன்னதற்கு என்று பெயரிடாமல் வைத்தார்கள். நடுவில் என்ன தேவை முளைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதை ஓர் அரசு பணத்தாலேயே ஒப்புக்கொள்வது அபூர்வம். 1991இல் முதல் தேசியத் தொழில்நுட்பத் திட்டம் 200 கோடி வெள்ளியோடு தொடங்கியது. அன்று முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகை அறிவிக்கப்படுகிறது. பொருளாதாரம் சரிந்த காலத்திலும் அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. நான் பாராட்டியது முக்கியமாக அதைத்தான்.

மகளைத் தடுக்காதீர்கள். சேரும் முன் வழிகாட்டியாக வரப்போகிறவரின் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். ஆய்வு எத்தனை ஆண்டில் முடிந்தது, பேராசிரியர் வாரம் எத்தனை முறை உட்கார்ந்து பேசினார், இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கட்டும். அவள் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தாள் என்று எனக்கும் எழுதுங்கள்.