மொழியோடு அந்த நாட்டையும் படிக்க வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். ஜப்பானிய மொழியில் பட்டம் பெற ஆசை. நான் பார்த்த பாடத்திட்டங்களில் கிழக்காசிய வரலாறு, சமூகம், பண்பாடு ஆகிய தாள்களும் இருக்கின்றன. ஆம்பூரில் தோல் தொழிலில் இருக்கும் என் மாமா, "மொழி தெரிந்தால் வேலை கிடைக்கும், வரலாறு எதற்கு?" என்கிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மாமாவின் கவலை நியாயமானது. ஆகவே வேலை நடக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலைக்கு ஜப்பானியர் இருவர் வந்தபோது நானும் உடனிருந்தேன். மொழிபெயர்த்த இளைஞர் ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், மேலிருந்து இரண்டாவதான என்2 நிலை தேறியவர். "எங்கள் முதலாளி சொல்கிறார்" என்பதை, நம் வழக்கப்படி மரியாதை சேர்த்து, "ஒஷ்ஷாய்மஸ்" என்று உயர்வு வினையில் சொல்லிவிட்டார். "மோஷிமஸ்" என்னும் பணிவு வினைதான் அங்கே வர வேண்டும். வெளியார் முன்னிலையில் தம் நிறுவனத்தைச் சேர்ந்தவரை, அவர் முதலாளியே ஆனாலும், தாழ்த்திச் சொல்வது ஜப்பானிய முறை. (கொரிய மொழியில் பெரும்பாலும் நம்மைப் போலவே, யாரிடம் பேசினாலும் மூத்தவரை உயர்த்தியே சொல்கிறார்கள்.) அன்று மாலை அந்த இளைஞரே இதைச் சொல்லி வருந்தினார். விதி அவருக்குத் தெரியும், வாயில் வரவில்லை. அந்தத் தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண்ணே கிடையாது.

இலக்கண நூலில் இந்த விதி ஒரே வரிதான். நிறுவனத்தை ஒரு வீடாகவும் அதில் உள்ளோரை வீட்டாராகவும் கருதும் மனநிலையை அறிந்தவருக்கு அது மனப்பாடம் செய்யும் விதியாக இராது. 'இயே' என்னும் குடும்ப அமைப்பையும் குடும்பத் தலைவரின் அதிகாரத்தையும் 1898ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்ததையும், போருக்குப் பின் 1947இல் அது நீக்கப்பட்டதையும், சட்டம் போன பிறகும் பழக்கம் தங்கியதையும் நீங்கள் வரலாற்றுத் தாளில்தான் படிப்பீர்கள்.

இதற்கு மறுதிசையில் நான் பெரிதும் மதிக்கும் ஒருவர் இருக்கிறார். ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா தமிழ் கற்று, சோழர் காலத்து அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். முதலாவதில் நிலம் ஊராருக்குப் பொதுவாகவும், பிராமணர் ஊரான இரண்டாவதில் தனித்தனி ஆட்களின் உடைமையாகவும் இருந்ததை எடுத்துக்காட்டினார். கல்வெட்டுகளில் நில உரிமையைக் குறிக்கும் 'காணி' என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளோடு நின்றவரால் அதைக் கண்டிருக்க முடியாது. நம் ஊர்களை அவர் படித்த அக்கறையோடு அவர் நாட்டை நம்மில் ஒருவர் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய, கொரிய, சீன மொழிகளில் இளங்கலை உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய ஆய்வுகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. சாந்திநிகேதனில் 1937 முதல் சீன மொழி, பண்பாட்டுக் கல்விக்கான சீன பவன் இயங்குகிறது. விண்ணப்பிக்கும் முன் எல்லா ஆண்டுகளின் பாடத்திட்டத்தையும் முழுமையாக வாங்கிப் பாருங்கள். சமூகத் தாள்கள் முதலாண்டோடு நின்றுவிடுகின்றனவா, இறுதிவரை தொடர்கின்றனவா என்பதை மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.